மூன்று பதிவேடுகளில் ஒரே கைநாட்டு

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. அதன் பின்னர் ஒரு கிராமத்தில் மூன்று தொண்டு நிறுவனங்கள் கைகோத்தபோது, பதிவேடுகளைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒன்று முந்திரி ஒட்டுக்கன்று கொடுத்தது, ஒன்று மகளிர் குழுவுக்குக் கடன் பெற்றுத் தந்தது, மற்றொன்று பயிற்சி நடத்தியது. ஆண்டு முடிவில் மூன்று பதிவேடுகளையும் அருகருகே விரித்தபோது, ஒரே பெண்ணின் கைநாட்டு மூன்றிலும் இருந்தது. அறிக்கைகளின் கூட்டுத்தொகையில் அவர் மூன்று பயனாளிகளாகிவிட்டார்.

குடும்ப அட்டை எண்ணைக் கொண்டு ஒரே பொதுப் பதிவேடு வைத்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். கடினமானது வேறு: மூவரும் தனித்தனியே இயங்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் கூட்டணியால் அந்தப் பெண்ணுக்குக் கூடுதலாகக் கிடைத்தது என்ன? இதற்கு, பணி தொடங்கும் முன்பே வருமானம், கடன், வேலைநாள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, கூட்டணி எட்டாத பக்கத்து ஊரோடு ஒப்பிட வேண்டும். கூட்டங்களுக்குச் செலவான நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பேன்.

ஒட்டுக்கன்று காய்ப்புக்கு வரவே ஏறத்தாழ மூன்றாண்டு ஆகும். எங்கள் திட்டமோ ஓராண்டில் முடிந்தது. பெரு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்கு, அவை முடிந்து ஓராண்டாவது கழிந்த பின்னரே தாக்க மதிப்பீடு என 2021 விதிகள் வகுத்திருப்பதை அதனால்தான் மனதார வரவேற்கிறேன்.