குடும்ப வன்முறைப் பயிற்சி: ஒரு சுற்றறிக்கை வாங்க நாலு மாதம்

மனுவின் பொருள் வரியிலேயே கோட்டை விட்டோம். ‘பணியாளர்களுக்குக் குடும்ப வன்முறை விழிப்புணர்வுப் பயிற்சி’ என்று எழுதிக் கொடுத்தது வேலூர் மாவட்டத்தில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில், பெயர் வேண்டாம். தபால் பிரிவில் முத்திரை விழுந்தது, ஒப்புகையும் கிடைத்தது. பதினெட்டு நாள் கழித்துப் போய்க் கேட்டால், ‘பெண்கள் சம்பந்தப்பட்டது’ என்று வேறொரு துறைக்கு அனுப்பிவிட்டு இங்கே கோப்பை முடித்திருந்தார்கள். அந்தத் துறையில், “உங்க பணியாளர்களுக்குப் பயிற்சின்னா உங்க நிர்வாகம்தானே நடத்தணும்?” என்றார்கள். நியாயமான கேள்விதான். திரும்பி வந்து சொன்னதும் பிரிவு எழுத்தர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “அது அவங்க ஊட்டு விஷயம்மா. ஆபீஸ் இன்னா பண்ண முடியும்?”

இதற்கான பதில் மனுவிலேயே இருந்திருக்க வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் அலுவலகத்தைத் தொடும் இடங்கள் இரண்டு. 18-வது பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண் வேலை செய்யும் இடத்துக்குள் எதிர்மனுதாரர், அதாவது புகாருக்கு உள்ளானவர், நுழையக் கூடாது என்று நீதித்துறை நடுவர் தடை போடலாம். 20-வது பிரிவு 6-வது உட்பிரிவின்படி, கட்டச் சொன்ன பணத்தை அவர் கட்டாவிட்டால் அவர் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பெண்ணிடம் நேராகக் கொடுக்கவோ நீதிமன்றத்தில் செலுத்தவோ முதலாளிக்கே உத்தரவிடலாம். ஆக, வாயில் காவலரும் சம்பளப் பட்டியல் போடுபவரும் சட்டப்படியே இந்த விஷயத்துக்குள் இருக்கிறார்கள். இரண்டாவது மனுவில் இந்த இரண்டையும் மட்டும் போட்டு, பொருள் வரியை ‘நீதிமன்ற உத்தரவுகளை நடைமுறைப்படுத்துவது குறித்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி’ என்று மாற்றினோம். அதன்பிறகு யாரும் அதை ஊட்டு விஷயம் என்று சொல்லவில்லை.

11-வது பிரிவை மட்டுமே நம்பி மனு எழுதாதீர்கள். அலுவலர்களுக்கு அவ்வப்போது பயிற்சி தரவேண்டும் என்று அது சொல்வது மத்திய, மாநில அரசு அலுவலர்களைப் பற்றி. ‘நாங்க உள்ளாட்சி’ என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190-வது உடன்படிக்கையையும் முதல் மனுவில் சேர்த்திருந்தோம். 2019-ல் வந்த அந்த உடன்படிக்கை, வீட்டு வன்முறை வேலையிடத்தைப் பாதிப்பதையும் பேசுகிறது. ஆனால் இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. மனுவைத் தட்டிக்கழிக்க எழுத்தருக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த முட்டுக்கட்டை, ‘ஏற்கெனவே நடத்தியாச்சு’ என்பது. கோப்பைத் திறந்து கையெழுத்துப் பட்டியலும் புகைப்படங்களும் காட்டினார்கள். பார்த்தால் அது 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்துக்கான பயிற்சி, உள்ளகப் புகார்க் குழு பற்றியது. அந்தச் சட்டம் வேலையிடத்தில் நடப்பதற்கு, 2005 சட்டம் வீட்டில் நடப்பதற்கு. வீட்டில் அடிபட்டு வரும் பெண்ணின் புகாரை உள்ளகக் குழு விசாரிக்க முடியாது, 2005 சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் அனுப்ப வேண்டும். இந்தக் குழப்பம் எழுத்தர் மட்டத்தோடு நிற்கவில்லை, மேலேயும் இருந்தது. அரைப் பக்கத்தில் இரு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மனுவோடு இணைத்துவிடுங்கள், ஒரு நடை மிச்சம்.

வீணான நடை இன்னொன்று, பயிற்றுநரின் சம்மதக் கடிதம் இல்லாமல் போனது. ‘யார் வந்து பேசுவாங்க, பணம் எவ்வளவு’ என்று கேட்டார்கள், கையில் காகிதம் இல்லை. உள்ளாட்சியிடம் தேதி, அறை, சுற்றறிக்கை மூன்றை மட்டும் கேளுங்கள். பயிற்றுநரைப் பாதுகாப்பு அலுவலரிடமும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு இடங்களும் மறுநாளே கடிதம் கொடுத்தன, செலவும் இல்லை. செலவு இல்லை என்ற வரி கோப்பில் ஏறிய பிறகுதான் குறிப்பே மேலே போனது.

மேலே போனது அங்கேயே படுத்துக்கொண்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இரண்டே கேள்வி கேட்டோம்: மனுவின் தற்போதைய நிலை என்ன, அதன்மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும். பதிலுக்குப் பதிலாக, இருபத்திரண்டாம் நாள் தேதி குறித்துத் தொலைபேசி வந்தது!

அந்தத் தேதியிலும் கோளாறு. பயிற்சி மாலை மூன்று மணிக்கு. தூய்மைப் பணியாளர்கள் விடியும்போதே மஸ்டரில் (வருகைப் பதிவு எடுக்கும் இடத்தில்) நின்று, மதியத்தோடு வீடு போய்விடுவார்கள். மே மாத வேலூர் வெயிலில் மூன்று மணிக்கு யார் திரும்பி வருவார்? வந்தது ஒன்பது பேர், எல்லாரும் உள்ளே மின்விசிறிக்கடியில் உட்காருகிறவர்கள். இரண்டாம் முறை காலை வருகைப் பதிவு முடிந்த கையோடு, வார்டு அலுவலகத்திலேயே வைத்தோம். அதிலும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கு அரை நாள் கூலி பிடிக்கப் பார்த்தார் ஒப்பந்ததாரர். சுற்றறிக்கையில் ‘பயிற்சி நேரம் பணி நேரமாகக் கருதப்படும்’ என்ற ஒரு வரியும், நகல் பெறுவோர் பட்டியலில் ஒப்பந்ததாரர் பெயரும் கட்டாயம் இருக்கட்டும். இந்த வரியை நாலு மாதம் முன்பே கேட்டிருக்கலாம்.

பயிற்சி என்றாலே பெண்களை உட்காரவைத்து ‘தைரியமா இருங்கம்மா’ என்று சொல்வதாக நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமாக உட்கார வேண்டியவர்கள் மேஸ்திரிகள், சுகாதார ஆய்வாளர்கள், மேற்பார்வையாளர்கள், சம்பளப் பிரிவினர், வாயில் காவலர்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் திருமணமான 18–49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். மஸ்டரில் நிற்கும் பெண்களை அந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னபோதுதான் அறை அமைதியானது. வீங்கிய முகத்தை முதலில் பார்ப்பவர் மேஸ்திரி. அவர் ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று சொன்னால் அந்தப் பெண் வேறு யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

மேற்பார்வையாளர்களின் பயம், ‘நாம சொல்லப் போய் நம்ம மேலயே கேஸ் வரும்’ என்பது. 4-வது பிரிவு அதற்குத்தான்: நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தருபவர் மீது சிவில், கிரிமினல் பொறுப்பு எதுவும் வராது. இதைப் பயிற்றுநர் வாயால் இரண்டு முறை சொல்ல வையுங்கள். ஆனால் அந்தப் பெண்ணைக் கேட்காமல் தகவல் தரவேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

யாரும் யோசிக்காத ஒன்று: தடை உத்தரவின் நகல் தானாக அலுவலகத்துக்கு வராது. 24-வது பிரிவின்படி இலவச நகல் வழக்கின் தரப்பினருக்கும், காவல் நிலையத்துக்கும், சேவை வழங்கும் அமைப்புக்கும்தான். முதலாளி அந்தப் பட்டியலில் இல்லை. பெண் கொண்டுவந்து கொடுத்தால்தான் வாயில் காவலருக்குத் தெரியும். யாரிடம் கொடுப்பது, எந்தப் பூட்டிய அலமாரியில் வைப்பது என்று பயிற்சியிலேயே ஒரு ஆளை முடிவு செய்யுங்கள். தடையை மீறினால் 31-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எனவே வாயில் காவலர் வாக்குவாதம் செய்யத் தேவையில்லை, 112-க்கு அழைத்தால் போதும்.

கணவனும் மனைவியும் ஒரே மஸ்டரில் இருப்பது இங்கே சாதாரணம். அவர் வண்டி ஓட்டுவார், இவர் பெருக்குவார். அப்போது வார்டு மாற்றம் கேட்டால் பெண்ணை மாற்றுவதுதான் வழக்கம். அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். பக்கத்து வீட்டுக்காரி, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த வார்டில்தான் இருக்கும். சம்பள அட்டை கணவர் கையில் இருந்தால் அதுவும் பொருளாதார வன்முறைதான், புதுக் கணக்கு எண்ணை மாதப் பட்டியல் போகும் முன் கொடுத்துவிட வேண்டும். நீதிமன்றத் தேதிகளுக்கென்று தனி விடுப்பு கிடையாது, ஒப்பந்தப் பணியாளருக்கு அன்றைய கூலி போகும். இதற்கு எங்களிடம் வழி இல்லை.

கையெழுத்துப் பட்டியலின் தலைப்பில் ‘குடும்ப வன்முறை’ என்று போட்டதும் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்தார்கள். ‘பணியிடப் பாதுகாப்புப் பயிற்சி’ என்று மாற்றிய பிறகு கையெழுத்து விழுந்தது. புகைப்படம் கோப்புக்கு வேண்டும் என்பார்கள், பின்னாலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. அந்தக் குழுவில்தான் கணவர்களும் இருக்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளை யாரும் படிக்கவில்லை, பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிய சின்னச் சீட்டில் இருந்த எண்களைத்தான் குறித்துக்கொண்டார்கள்: பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100. வேலூரிலும் பேரணாம்பட்டிலும் உருதுவிலும் அச்சடியுங்கள். சீட்டில் தலைப்பு எதுவும் வேண்டாம், பர்சில் வைத்தால் ரேஷன் சீட்டு மாதிரி இருக்கட்டும்.

ஒப்பந்தம் மாறினால் மேற்பார்வையாளர்களும் மாறிவிடுவார்கள், பயிற்சி பெற்றவர் ஒருவரும் மிஞ்ச மாட்டார். ஒப்பந்தம் முடியும் தேதியைக் கேட்டு வைத்திருக்கிறோம். அடுத்த டெண்டர் நிபந்தனைகளில் இந்தப் பயிற்சியை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லி மனு தயார். இந்த முறை பொருள் வரியில் ‘நிபந்தனை’ என்ற சொல் மட்டும்தான்.