திருவல்லிக்கேணி 600005

திருவல்லிக்கேணிக்கும் சேப்பாக்கத்துக்கும் பின்கோடு 600005. கணித மேதை ராமானுஜன் குடியிருந்த பகுதி. பின்கோடு வந்தது 1972-இல், அவர் மறைந்து 52 வருடம் கழித்து. அவர் கண்ணில் படாமல் போனதே என்று வருத்தமாக இருக்கிறது. பகா எண்களின் பெருக்கலாக உடைத்துப் பார்க்க அவ்வளவு நல்ல எண் இது.

5-இல் முடிகிறது, அதனால் முதலில் 5: மிஞ்சுவது 120001. அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் பார்த்துவிடலாம். 600005-இன் கடைசி மூன்று இலக்கத்துக்கும் முதல் மூன்று இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 595. 1001 = 7 × 11 × 13 என்பதால், இந்த மூன்றில் எது 595-ஐ வகுக்கிறதோ அதுவே 600005-ஐயும் வகுக்கும். 595 = 5 × 7 × 17. ஆக 7 உண்டு. 11, 13 கிடையாது. 17 வருகிறதே என்று அதையும் சேர்த்துவிடக் கூடாது. 1001-இல் 17 இல்லை, அதற்கு இந்த வழி செல்லாது. 600005-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 7.

120001 ÷ 7 = 17143. பலரும் வழுக்குவது இங்கேதான். 7 முடிந்தது என்று மேலே போனால், 31-இல் 17143 = 31 × 553 என்று வரும். 553 பார்க்கப் பகா எண் மாதிரியே இருக்கும், ஆனால் அது 7 × 79. வகுத்த எண்ணையே இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். 17143 ÷ 7 = 2449. இதன் வர்க்கமூலம் 50-க்குள் அடங்கும். 11, 13, 17, 19, 23, 29 எல்லாம் மீதி விடும். 31 மீதியில்லாமல் போகும்.

600005 = 5 × 7² × 31 × 79

அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 2 × 3 × 2 × 2 = 24 காரணிகள். 553-ஐப் பகா எண் என்று விட்டவருக்கு 16-தான் வரும். 360 என்ற சின்ன எண்ணுக்கும் இதே 24! தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் எழுதினார். 360 அந்த வரிசையில் உண்டு. 600005-க்குக் கீழே அதில் கடைசியாக வருவது 554400. அதற்கு 216 காரணிகள்.

600005-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது, எனவே இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம் என்று நினைப்பதும் தவறு. அது பகா எண்ணுக்கான விதி. 31, 79 இரண்டும் 4-ஆல் மீதி 3 தருபவை, ஒற்றை அடுக்கில் நிற்பவை. அதனால் முடியாது.

1/600005-இன் தசமம் இன்னும் அழகு. 1/49 சுழல்வது 42 இலக்கத்துக்கு ஒருமுறை, 1/31 15-க்கு, 1/79 13-க்கு. மூன்றின் மீச்சிறு பொது மடங்கு 2730. 5 இருப்பதால் புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கம் தள்ளி, 2730 இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். போன் கால்குலேட்டரின் திரையில் இந்தச் சுழற்சி தெரியவே தெரியாது.

தேனாம்பேட்டையின் 600018 வேறு ரகம். 2, 3 போனதும் மிஞ்சுவது 100003. 5 முதல் 313 வரை 63 பகா எண்களையும் போட்டுப் பார்க்க வேண்டும், ஒன்றும் வகுக்காது.