இடமிருந்து வலம்

அப்பாவின் காரியம் முடிந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வேட்டிகளுக்கு அடியில், கெட்டி அட்டையில் ஒட்டிய ஒரு குழுப்படம் இருந்தது. பள்ளிக் கைப்பந்து அணி. பன்னிரண்டு பேர், நடுவில் ஒரு பந்து, அதன் பக்கத்தில் ஒரு கேடயம். கீழே பெயர்களை அச்சிட்டிருக்கிறார்கள். “நிற்பவர்கள் இடமிருந்து வலம்” என்பது மட்டும் மிச்சம், மற்றதைப் பூச்சி அரித்துவிட்டது. எனக்கு அப்பாவின் முகம் மட்டுமே தெரிந்தது. அவர் இருந்தபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த வருத்தம்தான் என்னை நான்கு மாதம் அலைய வைத்தது.

முதலில் காலத்தைப் பிடித்தேன். கேடயத்தில் “சேலம் ஜில்லா” என்று எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. சேலத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-இல். ஆகவே படம் 1965-க்கு முந்தையது. அப்பா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தது 1963. அப்போது அது பதினோராம் வகுப்பு. பையன்களின் மீசையைப் பார்த்தால் கடைசி இரண்டு வருடங்களில் எடுத்ததாகத்தான் தெரிகிறது. பின்னணியில் கிருஷ்ணகிரியின் சையத் பாஷா மலை தெரிவதால் இடத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை.

படத்தைத் திண்ணை நிழலில் வைத்து, ஃபிளாஷ் போடாமல் கைப்பேசியில் எடுத்தேன். அசலில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. பிரதியில் ஒவ்வொருவருக்கும் எண் போட்டு, பெரிய தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெரியவர்களிடம் கைப்பேசியை நீட்டுவது வீண். தாளைக் கையில் கொடுத்தால் வெளிச்சத்துக்குத் திருப்பி, தூரம் தள்ளி, கிட்ட வைத்து அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

முகங்களைத் தனித்தனியாக வெட்டிப் பெரிதாக்கியும் கொண்டுபோனேன். அது பயன்படவில்லை. பர்கூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு தாத்தா, வெட்டிய முகங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முழுப்படத்தைக் கொடுத்ததும் விரல் தானாக ஓடியது. “இவன் பக்கத்தில் எப்போதும் இவன்தான் நிற்பான். அப்படியானால் இது நெட்டையன்.” முகத்தைவிட, யார் தோளில் யார் கை போட்டார்கள் என்பதுதான் அவருக்கு நினைவிருந்தது. ஆனால் எல்லாம் பட்டப்பெயர்கள். நெட்டையன், பூனைக்கண்ணன், சுண்டு. இவற்றை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

அனுமதி வாங்கிப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரே பெயரில் நான்கைந்து பேர். தகப்பனார் பெயரும் ஊரும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டின. பிறந்த தேதியை நம்ப முடியாது. அந்தக் காலத்தில் வயதுக் கணக்குக்காக வாத்தியார் போட்ட தேதிகள் ஏராளம். பட்டப்பெயர், ஊர், இனிஷியல் மூன்றும் பொருந்திய பிறகே ஒரு பெயரை எழுதினேன்.

அவ்வளவு கவனமாக இருந்தும் ஐந்தாம் எண்ணில் பெரிய தவறு செய்தேன். காவேரிப்பட்டணத்தில் ஒரு அம்மாவிடம் படத்தைக் காட்டி, “இது உங்கள் அப்பாதானே?” என்று கேட்டுவிட்டேன். அவர் பார்த்ததும் அழுதார். அவர் அப்பாவின் கன்னத்தில் இருந்த பெரிய மச்சம் படத்தில் இல்லையே என்றதற்கு, “பழைய படம், மங்கிப் போயிருக்கும்” என்றார். நானும் அதையே நம்ப விரும்பினேன். ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சிலால் தொட்டு மச்சத்தை மறைப்பது அன்றைய வழக்கம்தானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மனிதர்கள் பார்க்க விரும்புவதைப் பார்ப்பார்கள், கேள்வியும் அதைத் தூண்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். அன்று முதல் “இது யார்?” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சேர்ப்பதில்லை.

ஓசூரில் மகன் வீட்டில் இருக்கும் இன்னொரு ஆட்டக்காரரிடம் அப்படித்தான் கேட்டேன். தயங்காமல் அந்த அம்மாவின் அப்பா பெயரைச் சொல்லி, “அது அவன் அண்ணன். தம்பி அப்போது எட்டாவதுதான்” என்றார். பதிவேட்டை மறுபடி புரட்டினேன். ஒரே தகப்பனார் பெயர், ஒரே ஊர், மூன்று வருட இடைவெளியில் இரண்டு பையன்கள். அந்த அம்மா பத்திரப்படுத்தியிருந்த தன் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில், அங்க அடையாளம் என்ற இடத்தில் “வலது கன்னத்தில் மச்சம்” என்று தெளிவாக இருந்தது. மச்சம் தம்பிக்கு உரியது. படத்தில் இருப்பவர் அண்ணன்.

இதை ஃபோனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் போனேன். சொல்லி முடித்ததும் அவர் நெடுநேரம் பேசவில்லை. “அப்படியென்றால் இது பெரியப்பா. கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை, அப்பா கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்” என்றார். என் பிரதியைப் போட்டு மாட்டியிருந்த சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி, அடியில் ஒட்டியிருந்த பெயரை மட்டும் மாற்றித் தரச் சொன்னார். அன்றே மாற்றிக் கொடுத்தேன்.

இப்போது பதினொரு பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஓரத்தில், அணிச் சட்டை இல்லாமல், வெறுங்காலுடன் நிற்கும் பையனைப் பற்றி இரண்டு பெரியவர்கள் தனித்தனியே ஒரே செய்தியைச் சொன்னார்கள்: விடிவதற்கு முன்னே வந்து சுண்ணாம்பில் கோடு போடுவான், வலை கட்டுவான். பெயர் இருவருக்கும் வரவில்லை. பட்டியலில் பன்னிரண்டாம் எண்ணுக்கு நேரே “கோடு போட்டவர்” என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பாலக்கோட்டில் ஒருவரைப் பார்க்கப் போகிறேன்.