ஷாக் காலர் வாங்கும் முன்

ஆடு துரத்தும் நாய்க்கு ஷாக் காலர் (கழுத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும் பட்டை) போடலாமா என்று தேவிபட்டினம் பக்கத்திலிருந்து சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில்.

வலி வரும் நொடியில் நாய் எதைப் பார்க்கிறதோ அதோடுதான் வலியை முடிச்சுப் போடும். ஆட்டுக்குப் பக்கத்தில் மேய்க்கிற பிள்ளை நின்றால்? நாளைக்கு அந்தப் பிள்ளை மேலேயே பாயலாம். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே இந்தக் காலரைத் தடை செய்துவிட்டார்கள். அதன் உலோக முனைகள் தோலை அழுத்திக்கொண்டே இருப்பதால், பல மணி நேரம் கழற்றாமல் விட்டால் புண்ணாகும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

சரி, வேறு என்ன வழி? நெஞ்சுப்பட்டையில் கட்டிய நீளக் கயிறும், உப்பில்லாமல் அவித்த நெத்திலியும் போதும். (கருவாடு கூடாது, அவ்வளவு உப்பு நாய்க்கு ஆகாது.) ஆடு தூரத்தில் தெரியும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். காதைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்க்கும் அந்த நொடியில் மீனைக் கொடுங்கள். கொஞ்சம் பிந்தினாலும் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. தூரத்தை மெதுவாகக் குறைக்கலாம். நன்றாகப் பழகிய பிறகு ஒவ்வொரு முறையும் தர வேண்டியதில்லை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத மீனுக்காகவே அது திரும்பிப் பார்க்கும்.

கன்னி, சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய்களுக்கு நாள் கூடப் பிடிக்கும். கயிற்றை அவிழ்க்க அவசரப்படாதீர்கள்.

ஏற்கெனவே காலர் போட்டிருப்பவர்கள் இன்றைக்கே கழற்றி, முடியை விலக்கிக் கழுத்தைப் பாருங்கள்.