கதவுக்கு மேலே ஒரு படம்

மார்ச் 3
அம்மா தூங்கியதும் தஸ்தாயெவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலை எடுத்தேன். ரோகோஷின் வீட்டில் ஒரு கதவுக்கு மேலே ஓவியர் ஹோல்பைன் வரைந்த செத்த கிறிஸ்து, நகல். அதைப் பார்த்தால் சிலருக்கு இருக்கிற நம்பிக்கையும் போய்விடும் என்கிறான் கதாநாயகன் மிஷ்கின். போய்க்கொண்டுதான் இருக்கிறது என்கிறான் ரோகோஷின், சாதாரணமாக. மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 4
ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 5
போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1521-22இல் வரைந்தது. நீளம் 2 மீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர்தான். ஒரு ஆளைக் கிடத்த மட்டும் இடம். மேரி இல்லை, அழுகிறவர்கள் யாருமில்லை. கண்ணும் வாயும் திறந்திருக்கின்றன. கை பச்சை பாரித்து, நடுவிரல் விறைத்து நீண்டிருக்கிறது. அம்மா கையில் ட்ரிப் ஏற்றிய இடம் கன்றிப்போயிருக்கிறது. போனை அணைத்தேன்.

மார்ச் 7
தஸ்தாயெவ்ஸ்கி அதை நேரில் பார்த்தது 1867 ஆகஸ்டில், ஜெனீவா போகும் வழியில், ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில். கிட்டத்தில் பார்க்க நாற்காலி மேல் ஏறிவிட்டார். அபராதம் போடுவார்களோ என்று மனைவி அன்னாவுக்குப் பயம். வயிற்றில் பிள்ளை, படத்தைப் பார்க்கச் சகிக்காமல் வேறு அறைகளுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தால் மனுஷன் நகரவே இல்லை, வலிப்பு வருவதற்கு முன் தெரியும் அந்தக் கலவரம் முகத்தில். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். எனக்கு அவரைவிட அன்னா நினைப்பாகவே இருக்கிறது. அந்தப் பிள்ளை 1868இல் பிறந்து மூன்று மாதம்கூடத் தங்கவில்லை. நாவல் அப்போது தொடராக வந்துகொண்டிருந்தது. எழுதித்தான் ஆக வேண்டும், கடன்.

மார்ச் 8
சித்தப்பா வந்தார். “எல்லாம் அவன் பார்த்துப்பான்.” சரி. நாவலில் காசநோயில் சாகக் கிடக்கிற இப்போலித் சின்னப் பையன், அவன் கேட்கிறான்: இந்த உடம்பைப் பார்த்த சீடர்கள் இது எழுந்து வரும் என்று எப்படி நம்பியிருப்பார்கள்? இயற்கை அவனுக்கு ஒரு ஊமை மிருகம், இல்லையென்றால் எல்லாவற்றையும் அரைத்து விழுங்கும் ராட்சத இயந்திரம். பூசி மெழுகவில்லை. சித்தப்பாவுக்குப் பதில் அவன் வந்து உட்கார்ந்திருந்தால் தேவலை.

மார்ச் 10
மிஷ்கினும் ரோகோஷினும் விரும்பும் நஸ்தாஸ்யா ஒரு கடிதத்தில் தான் வரைய நினைக்கும் கிறிஸ்துவைச் சொல்கிறாள். தனியாக இருக்கிறார், பக்கத்தில் ஒரே ஒரு குழந்தை. அதன் தலையில் வைத்த கையை மறந்து தூரத்தைப் பார்க்கிறார். சூரியன் இறங்குகிறது. ஹோல்பைனுக்குப் பதில் சொன்னது மிஷ்கின் இல்லை, இவள்தான். அவளைத்தான் கடைசியில் ரோகோஷின் கொன்று, தன் வீட்டில் துணி போர்த்திக் கிடத்தியிருக்கிறான். கோபமாக வருகிறது.

மார்ச் 11
காலை ஒன்பதுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். படத்தைத் தாண்டி வந்த கையோடு மிஷ்கினும் ரோகோஷினும் கழுத்துச் சிலுவையை மாற்றிக்கொள்கிறார்கள். அன்று மாலையே மிஷ்கினைக் குத்த ரோகோஷின் கத்தியோடு மாடிப்படியில். இதை நாளைக்கு எழுத வேண்டும்.