பில் இல்லாத மாத்திரை

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் எனக்கு வரும் நுகர்வோர் வழக்குகளில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ், வீட்டுமனை, ஓடாத ஃபிரிட்ஜ். இடையிடையே ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு உடம்பு கெட்டுப்போன பெண்கள் வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் மஞ்சள் பையில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆஸ்பத்திரி ரசீது எல்லாம் அடுக்காக இருக்கும். மாத்திரை வாங்கிய பில் மட்டும் இருக்காது. "அட்டைய காட்டனா குட்த்துடுவாங்க மேடம், அதுக்கு இன்னாத்துக்கு பில்லு?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள்.

பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெண் ஒருவர். ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. மாதவிலக்கு ஒழுங்காக வராததற்கும், அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடவும் சேர்த்து ஒரு கிளினிக்கில் ட்ரோஸ்பிரினோன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைந்ததுண்டா என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கிளினிக் பக்கம் போகவுமில்லை. தீர்ந்துபோன அட்டையைக் கடையில் காட்டினால் புது அட்டை வந்துவிடும். இடது கெண்டைக்கால் வலித்து வீங்கியபோது நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து வேலை செய்வதால்தான் என்று நினைத்துத் தைலம் தேய்த்திருக்கிறார். மூச்சு முட்டியபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறியிருந்தது.

வழக்கு நின்றதே டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த ஒரு வரியால்தான். ஹார்மோன் மாத்திரை உட்கொண்டு வந்தவர் என்று இரவுப் பணியில் இருந்த டாக்டர் எழுதியிருந்தார். பல பேருக்கு அந்த வரி இருக்காது. டாக்டர் கேட்கும்போது பக்கத்தில் மாமியார் நிற்பார். வீட்டுக்குத் தெரியாமல் சாப்பிடும் மாத்திரையை அங்கே எப்படிச் சொல்வது? சொல்லாததால் சிகிச்சையும் தாமதம், பிறகு வழக்கும் பலவீனம். தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. ஆனால் வார்டில் அதற்கு இடம் இருக்க வேண்டுமே.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றும் பொய் சொல்லவில்லை. ஆபத்து சிறியது என்றார், சிறியதுதான். ஐரோப்பிய மருந்து முகமையின் கணக்குப்படி, மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு சுமார் 2 பேருக்கு இப்படி ரத்தம் உறைகிறது. லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற வேறொரு ஹார்மோன் கலந்த மாத்திரை என்றால் 5 முதல் 7 பேர். ட்ரோஸ்பிரினோன் என்றால் 9 முதல் 12. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் ஆபத்து இதைவிடக் கூடுதல். அதனால் யாரிடமும் மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் சொன்னதில்லை. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் லெவோனார்ஜெஸ்ட்ரல் வகைதான். கோடிக்கணக்கானோர் சாப்பிட்டு நலமாக இருக்கிறார்கள். ஆனால் 35 வயதுக்கு மேல் புகைப்பவர், கண்ணில் மின்னல் அடித்து ஒற்றைத் தலைவலி வருபவர், ரத்த அழுத்தம் ஏறியவர், முன்பே ரத்தம் உறைந்தவர், பிள்ளை பெற்று மூன்று வாரம் ஆகாதவர் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது. இதைக் கேட்டறிய ஐந்து நிமிடம் போதும். என் வழக்கு மாத்திரையின் மேல் இல்லை, செலவழிக்காத அந்த ஐந்து நிமிடத்தின் மேல்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. உற்பத்தியாளரின் எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காத விற்பனையாளரையும் பொறுப்பாக்கலாம் என்கிறது பிரிவு 86. பெட்டியும் உள்ளே மடித்த தாளும் கடையிலேயே தங்கிவிட, அட்டை மட்டும் கைக்கு வருகிற நம் ஊருக்கென்றே எழுதியதுபோல இருக்கும். கம்பெனியைப் பிடிப்பது கடினம். நிபுணர் மேற்பார்வையில் மட்டும் தரவேண்டிய பொருளாக இருந்து, அந்த நிபுணருக்கு எச்சரிக்கை போயிருந்தால், கம்பெனி தப்பிக்கப் பிரிவு 87-இல் வழி இருக்கிறது. டாக்டர் விஷயத்தில், ஆபத்தைச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு சமிரா கோலி தீர்ப்பு கைகொடுக்கும். அரசு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இலவசமாகப் போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியால் பாதிப்பு என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு வர முடியாது. உச்ச நீதிமன்றத்தின் 1995-ஆம் ஆண்டு வி.பி. சாந்தா தீர்ப்பு அதை மூடிவிட்டது. சிவில் நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்றம்தான்.

அந்த ஊசியைப் பற்றி இப்போது பிள்ளைகள் செல்போனை நீட்டுகிறார்கள். அந்தராவும் அமெரிக்காவின் டெப்போ புரொவேராவும் ஒரே மருந்து. பல ஆண்டுகள் போட்டுக்கொண்டவர்களிடம் மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டி கூடுதலாக வருவதாக 2024-இல் பிரெஞ்சு ஆய்வு ஒன்று சொன்னதும், அமெரிக்காவில் வழக்குகள் குவிந்தன. "எங்கம்மாவுக்கும் போட்டாங்க, நாமளும் கேஸ் போடலாமா மேடம்?" கட்டி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை, தலைவலி மட்டும் என்பார்கள். பயமுறுத்தி ஃபீஸ் வாங்குவது சுலபம். நான் நரம்பியல் டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். ஊசியால் எலும்பு அடர்த்தி குறைவது பழைய, நன்கு தெரிந்த விஷயம்; அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பேரணாம்பட்டு வழக்கை ஆணையம் சமரசத்துக்கு அனுப்பியது. கிளினிக் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து முடித்துக்கொண்டது. கடை தப்பியது. அந்தப் பெண்ணை எங்களுக்குத் தெரியவே தெரியாது என்றார்கள். மறுக்க எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில்தான்.

அவர் சொல்லி இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சிகிச்சை முடிந்து மூன்று வருடம் கழித்து. வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். அவரிடம் காரணம் இருந்தது, பணம் இல்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு என்று சொல்லி மனு எழுத வைத்தேன். ஆஸ்பத்திரிக்கும் ஒரு கடிதம் கொடுத்தோம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது விதி. பதிவில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மனுவின் இரண்டாம் பத்தியை எழுத முடியும்.