எடுத்த எடுப்பில் ஹலோபெரிடோல் சொல்லாதீர்கள்

அனஸ்தீசியா (மயக்க மருந்துத் துறை) எம்டி இரண்டாம் பகுதிப் பெறுபேறு வந்து நாலு நாள். இரண்டாம் தடவை எடுத்தேன், இந்த முறை பாஸ். அம்மா நல்லூருக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்துவிட்டார், எனக்கு இப்போதுதான் நித்திரை வருகிறது.

போன முறை வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், கேட்டது இது: 72 வயது, வயிற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், வென்டிலேட்டரில் இருப்பவர் இரவில் எழும்பப் பார்க்கிறார். கேள்வி முடிய முன்னமே, குழம்பிக் கத்துபவரை அமைதிப்படுத்தப் போடும் ஹலோபெரிடோல் என்றேன். அளவும் சரியாகத்தான் சொன்னேன். "ஏன் குழம்புகிறார் என்று பார்த்தீர்களா?" என்றார்கள். அதோடு சரி, பிறகு சொன்ன ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. இத்தனைக்கும் 2018 மைண்ட்-யுஎஸ்ஏ ஆய்வில் ஹலோபெரிடோல் டெலிரியம் (நோயில் திடீரென்று வரும் மனக்குழப்பம்) நாட்களைக் குறைக்கவில்லை என்பதையும், அதே மருந்தைப் பற்றிய 2022 எயிட்-ஐசியு ஆய்வையும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

வேலைக்குத் திரும்பிய மாதம் ஒரு ஐயா, தோட்டக்காரர், ஐசியுவில் நாலாம் நாள். "மோட்டரை நிப்பாட்டு பிள்ளை, தண்ணி வரம்பை உடைக்குது" என்று கத்திக்கொண்டு மூக்குக் குழாயை இழுக்கிறார். தாதி ஊசியை ஏற்றி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். போர்வையை விலக்கி அடிவயிற்றில் கை வைத்தேன், தேங்காய் மாதிரி இறுகி இருந்தது. சலக்குழாய் மெத்தைக்கும் கட்டில் கம்பிக்கும் நடுவில் மடிந்து கிடந்தது. நிமிர்த்திவிட்டதும் பையில் 900 மில்லி இறங்கியது. பத்து நிமிடத்தில் ஐயா நித்திரை. ஊசி போடவில்லை.

எல்லாருக்கும் இப்படி அமையாது, அதனால் மருந்தும் தெரிந்திருக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்:

- முதலில் காரணம்: நோவு, ஒட்சிசன், சீனி, சோடியம், தொற்று, சலம், மலம். பிறகு ராஸ் (எவ்வளவு விழிப்பு என்ற அளவுகோல்), காம்-ஐசியு (டெலிரியம் இருக்கிறதா என்ற சோதனை). ராஸ் -4, -5 என்றால் காம்-ஐசியு செய்ய முடியாது.
- தூங்கவைக்கும் மிடாசோலம் (பென்சோடயசெபீன் வகை மருந்து) ஓடிக்கொண்டிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். குடியை நிறுத்தியதால் வந்தது என்றால் கதை வேறு: அங்கே பென்சோடயசெபீன்தான் முதல், கூடவே தயமின் (வைட்டமின் பி1).
- குழப்பத்தால் வென்டிலேட்டரைக் கழற்ற முடியவில்லை என்றால் டெக்ஸ்மெடெடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து. நாடியும் பிரஷரும் விழும், கவனம்.
- ஹலோபெரிடோல் தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்ற நிலைக்கு மட்டும். முதியவருக்கு 0.5 மிகியில் தொடங்குங்கள். ஈசிஜி பாருங்கள், அதில் கியூடிசி (இதயத்தின் மின் இடைவெளி) 500 மில்லிசெக்கனைத் தாண்டினால் வேண்டாம். பார்க்கின்சன் என்றால் தொடவே வேண்டாம்.

சத்தமில்லாமல் சுவரைப் பார்த்துக் கிடக்கிறவரை மறந்துவிடாதீர்கள், அதுவும் டெலிரியம்தான், நாங்கள் அதிகம் தவறவிடுவது அவரைத்தான். அவருக்கு ஹலோபெரிடோல் எழுதத் தேவையில்லை. காரணத்தைத் தேடுங்கள், வீட்டிலிருந்து மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், இரவில் லைட்டைக் குறையுங்கள், மகளைப் பக்கத்தில் இருந்து கதைக்க விடுங்கள்.

நான் பதறுகிற ஆள். அதனால் முதல் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்தேன்: "கட்டிலடிக்குப் போய், ஆள் பாதுகாப்பாக இருக்கிறாரா, ஏன் குழம்புகிறார் என்று பார்ப்பேன்." குளிக்கும்போதுகூடச் சொன்னேன். இந்த முறை வேறு கேள்விதான் வந்தது, ஆனால் முதல் வசனம் அதேதான், மற்றவை தானாக வந்தன. பதறாதவர்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பரீட்சைக்குப் போகிறவர்கள் இரவு பஸ்ஸில் இறங்கி நேரே வைவாவுக்குப் போகாதீர்கள். போன முறை நான் செய்தது அதுதான். இந்த முறை இரண்டு நாள் முன்னமே போய் வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் தங்கினேன்.